ஒரே குண்டூசியில் இரண்டு லெட்டர்

எங்கள் ஊர் முக்கில் ஒரே கட்சிக்கு இரண்டு கொடிக்கம்பங்கள் நிற்கின்றன. நடுவில் பத்தடி இடைவெளி. அதே கொடி, அதே நிறம், அதே சின்னம். வழி தவறி வரும் டூரிஸ்ட்காரர்கள் வண்டியை நிறுத்தி, எதற்கு இரண்டு என்று கேட்பார்கள். ஒன்று பழைய ஒன்றியச் செயலாளர் ஏற்றியது, இன்னொன்று புது ஒன்றியச் செயலாளர் ஏற்றியது என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இந்த ஊருக்குக் கட்சியின் கிளைச் செயலாளர் நான். இரண்டு கம்பத்துக்கும் குழி தோண்டிய புண்ணியவானும் நான்தான்.

ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகிற பக்கத்தில் எங்கள் ஊர். முப்பது வீடு இருந்தால் அதிகம். என்னிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கிறது. சீசனில் காப்பி மூட்டை, மிளகு மூட்டை ஏற்றுவேன். கட்சிக் கூட்டம் என்றால் ஆள் ஏற்றுவேன். இருபத்தைந்து வயதில் கட்சிக்குள் வந்தேன், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். கட்சியில் நான் கிழித்தது இதுதான்: ஆள் ஏற்றினேன், ஆள் இறக்கினேன்.

பழைய செயலாளர் மலைக்காரர். ஐம்பது ஏக்கரோ அறுபது ஏக்கரோ காப்பித் தோட்டம் வைத்திருந்தார். அவரை நாங்கள் ஐயா என்போம். இங்கே எஸ்டேட்காரர் என்று சொல்லிவைக்கிறேன். புதியவர் அடிவாரத்துக்காரர். குப்பனூர்ப் பக்கம் லாரி ஷெட் வைத்திருப்பவர், வயதில் என்னைவிடச் சின்னவர். ஆனாலும் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் லாரிக்காரர். ஒரு பொதுக்கூட்ட பேனரில் எஸ்டேட்காரர் படத்தைவிட லாரிக்காரர் படம் பெரிதாகப் போய்விட்டது. அவ்வளவுதான் சண்டை. கொள்கை, கோட்பாடு, ஒரு மண்ணும் கிடையாது. அதற்குப் பிறகு ஐயா கோஷ்டி, அண்ணன் கோஷ்டி என்று ஒன்றியமே பிளந்துகொண்டது. கல்யாணத்துக்கு ஒரு கோஷ்டி காலையில் வந்தால் இன்னொரு கோஷ்டி மாலையில் வரும். வாட்ஸ்அப் குரூப்கூட இரண்டு. இரண்டிலும் காலையில் ஒரே தலைவர் படத்தைப் போட்டு வணக்கம் சொல்லுவேன்.

இவர்கள் அடித்துக்கொண்டு சாகட்டும் என்று நான் ஒதுங்கி இருந்திருப்பேன். என் தங்கை விஷயம்தான் என்னை நடுவில் இழுத்து விட்டது.

அவள் புருஷன் மிளகுக்கொடிக்கு நிழல் கட்டும் கிளைகளைக் கழிக்க சில்வர் ஓக் மரம் ஏறினவன், கீழே விழுந்து போய்ச் சேர்ந்தான். ஒரு பெண் குழந்தை. அடுத்த வருஷமே இவளும் காப்பிப் பழம் பறிக்கப் போன இடத்தில் சரிவில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். நடப்பாள், நிற்பாள், ஆனால் கூடையைச் சுமந்துகொண்டு மேடு ஏற முடியாது. மலையில் மேடு ஏற முடியாதவளுக்கு என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிக்கொண்டிருந்த அம்மாள் படுத்துவிட்டார். இவளைத் தற்காலிகமாக வரச்சொன்னார்கள். தற்காலிகம் தற்காலிகம் என்று ஆறு வருஷம் ஓடிப்போனது.

அந்த வேலை அவளுக்குப் பொருந்திப்போயிற்று. சாம்பாரை இறக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். “அடுப்புச் சூட்டுல நின்னா இடுப்பு வலி தெரியறதில்லண்ணா” என்பாள். எந்தப் பிள்ளை முட்டை தின்னாது, எந்தப் பிள்ளை முட்டையைப் பாவாடைக்குள் ஒளித்து வீட்டுத் தம்பிக்குக் கொண்டுபோகும் எல்லாம் அவளுக்குத் தெரியும். கொண்டுபோகிற பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவாள்.

ஒரு நாள் அந்தப் பணியிடத்தை நிரந்தரமாக நிரப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மனு போடச் சொன்னார்கள். தங்கை அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணா, இது கெடைக்கலீன்னா நான் புள்ளயக் கூட்டிக்கிட்டு திருப்பூருக்குத்தான் போவோணும். இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு அங்க மிசின்ல உக்கார முடியுமோ என்னமோ.”

“ஏ கண்ணு, நான் எதுக்குக் கட்சியில இருக்கறேன்? நீ மூடிக்கிட்டுப் போயி சோறாக்கு” என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள். இருபத்தைந்து வருஷத்தில் எனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்கப் போகிறேன், இல்லை என்று சொல்லிவிடுவார்களா என்ற நினைப்பு.

எங்கள் பக்கம் எதற்கும் லெட்டர் வேண்டும். மனு மட்டும் கொடுத்தால் அது மனு. அதன்மேல் கட்சிக்காரர் லெட்டர்பேடில் நாலு வரி எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அதற்கு உயிர் வரும். ஆபீசில் இருப்பவர்கள் அந்த லெட்டரை மதிக்கிறார்களா, குப்பையில் போடுகிறார்களா என்று எங்களில் யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் லெட்டர் இல்லாமல் மலையை விட்டு ஒரு மனுவும் இறங்காது.

எஸ்டேட்காரரிடம் போனேன். பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “ஏப்பா, ஆறு வருசமா ஆக்கிப் போடறா. அவளுக்கு இல்லாம வேற யாருக்கு?” என்று சொல்லி உடனே எழுதிக் கொடுத்தார். காப்பி வேறு கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அந்த மனுஷனை அன்றைக்குக் கும்பிட்ட கும்பிடு பொய்யில்லை.

அடுத்த வாரமே அவர் பதவியைப் பிடுங்கி லாரிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் எங்கள் கட்சிக்காரர் ஒருவர் உண்டு. இரண்டு கோஷ்டிக்கும் டீ ஊற்றுகிறவர், அதனால் எல்லாச் செய்தியும் அவரிடம் முதலில் வரும். அவரிடம் போய் லெட்டரைக் காட்டினேன். எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது இப்ப செல்லாதுங்க. லாரிக்கார அண்ணன்கிட்ட ஒண்ணு வாங்கிருங்க.”

“அப்ப இத என்னங்க பண்றது?”

“ஏனுங்க, கிழிச்சா போடுவாங்க? நாளைக்கே ஐயாவுக்குத் திரும்பப் பதவி வந்துட்டா? ரெண்டையும் சேத்துக் குடுங்க. ஆபீசர் எந்தப் பக்கத்து ஆளுன்னு நமக்கு என்ன தெரியும்?”

எனக்கு அது பெரிய புத்தியாகத் தோன்றியது. குப்பனூர் ரோட்டில் இறங்கும்போது ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, சட்டைப்பையில் இருந்த எஸ்டேட்காரர் படத்தை எடுத்து சீட்டுக்கடியில் போட்டேன். லாரிக்காரர் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டைக்குள்ளிருந்து அவர் முகம் வெளியே தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். மானங்கெட்ட பொழப்பு என்று அப்போதே தோன்றியது. தோன்றி என்ன ஆகப்போகிறது?

“உங்க ஐயாகிட்டப் போவலீங்களா?” என்று லாரிக்காரர் கேட்டார்.

“இல்லீங்கண்ணா, நேரா உங்ககிட்டத்தான் வந்தனுங்க.”

அவரும் எழுதிக் கொடுத்தார். இவரும் நல்லபடியாகத்தான் பேசினார். “நம்ம புள்ளைக்கு நாம செய்யாம யாருங்க செய்வாங்க” என்றார். இரண்டு லெட்டரும் ஏறக்குறைய ஒரே வாசகம்.

வீட்டில் வைத்து இரண்டையும் மனுவோடு அடுக்கினேன். தங்கை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணு போதாதாண்ணா?” என்றாள்.

“கட்சி விசயம் உனக்கு என்ன புள்ள தெரியும்?” என்று ஒரு அதட்டுப் போட்டேன். வயதுக்கு மரியாதை என்று எஸ்டேட்காரர் லெட்டரை மேலே வைத்தேன், லாரிக்காரர் லெட்டரை அடியில் வைத்தேன், ஒரே குண்டூசியில் குத்தினேன். மொத்தக் கட்சியும் என் தங்கைக்குப் பின்னால் நிற்கிறது என்று பார்க்கிறவன் நினைப்பான் என்பது என் கணக்கு. கட்சியில் இத்தனை வருஷம் இருந்தும் இந்தக் கூமுட்டைத்தனம். வெளியாள் யாராவது இருந்தால் ஏதாவது ஒன்றைத்தான் கொடுத்திருப்பான், பிழைத்திருப்பான்.

கீழே ஆபீசில் கொடுத்துவிட்டு வண்டியில் மலை ஏறிக்கொண்டிருந்தேன். எங்கள் ரோட்டில் எல்லா இடத்திலும் போன் எடுக்காது, சில கொண்டை ஊசி வளைவுகளில்தான் எடுக்கும். அப்படி ஒரு வளைவில் போன் கதறியது. மனுவை வாங்கிய புண்ணியவான் யாரோ இரண்டு லெட்டரையும் போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறான். நான் பாதி மலை ஏறுவதற்குள் அது இரண்டு குரூப்பிலும் வந்துவிட்டது.

முதலில் லாரிக்காரர். “யோவ், நேரா எங்கிட்டத்தான் வந்தேன்னு வாய் கூசாமச் சொன்னியே. சரி, அது போவுது. பதவியில இருக்கறவன் நானு. என்ற லெட்டரு அடியில, பதவி போனவன் லெட்டரு மேல. நான் என்ன அவனுக்கு எடுபிடியா?”

அடுத்த வளைவில் எஸ்டேட்காரர். அவர் சத்தம் போடவில்லை. “ஏப்பா, என்ற கையெழுத்துலயும் அவன் கையெழுத்துலயும் ஒரே குண்டூசியக் குத்த உனக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு?” என்றார். வைத்துவிட்டார்.

அப்புறம் நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். எஸ்டேட்காரர் பங்களா வாசலில் ஒரு முழு மத்தியானம் பனியில் நின்றேன், ஐயா தூங்குகிறார் என்று சொல்லிவிட்டார்கள். லாரிக்காரர் மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்தார். “தப்பு பண்ணிட்டே, சரி. நீ எங்க ஆளுன்னு நான் எப்படி நம்பறது? உங்க ஊரு முக்குல அவன் நட்டு வெச்ச கம்பம் இருக்குதில்ல, அதப் புடுங்கிப் போட்டுட்டு வா” என்றார்.

புடுங்கினேன். வேறென்ன செய்வேன்? விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கம்பத்துக்கு ஜல்லியும் சிமெண்டும் குழைத்துப் போட்டவன் நான். ஒழுங்காகப் போட்டிருக்கிறேன் என்பது பெயர்க்கும்போதுதான் தெரிந்தது. எதிரே பள்ளிக்கூடத்தில் தங்கை அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி வந்தாள்.

“ஏண்ணா கம்பத்தப் புடுங்கற? அவுங்க சண்டைக்கு வரமாட்டாங்களா?”

“உனக்காகத்தான் புடுங்கறேன், போ அக்கட்ட” என்று எரிந்து விழுந்தேன். கம்பம் சாய்ந்தது. கொடி மண்ணில் கிடந்தது. நான் கும்பிட்ட கொடி அது. இன்னொரு கம்பத்தில் அதே கொடி பறந்துகொண்டிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

மறுநாளே எஸ்டேட்காரர் ஆட்கள் ஜீப்பில் வந்து கம்பத்தைத் திரும்ப நட்டார்கள். என்னைத்தான் குழி தோண்டச் சொன்னார்கள். தோண்டினேன். லாரிக்காரருக்குச் செய்தி போனதும், நான் இரட்டை வேஷக்காரன் என்று குரூப்பில் போட்டார். தங்கை மனுவுக்குப் போட்டியாக ஐயா பக்கம் ஒரு மனு, அண்ணன் பக்கம் ஒரு மனு என்று இரண்டு போயின. ஒருவர் போட்டதை மற்றவர் தடுக்க, பணியிடம் அப்படியே நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் நின்றது. தங்கை தற்காலிகமாகவே ஆக்கிக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சண்டை இருந்த வரைக்கும்தான் அவள் வேலையும் இருந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை.

எலெக்‌ஷன் வரப்போகிறது என்றதும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு பேரும் ஒற்றுமையாகப் போக வேண்டும். ஏற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் இணைப்பு விழா. கிளைக்கு இத்தனை ஆள், ஆரத்தி எடுக்க ஊருக்கு இரண்டு பெண்கள் என்று கட்டளை. என்னை இரட்டை வேஷக்காரன் என்றவர்களே கூப்பிட்டு, “வண்டிய எடுத்துக்கிட்டு வந்துருங்க” என்றார்கள். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். தங்கையிடம் ஆரத்தி எடுக்க வருகிறாயா என்று நான்தான் கேட்டேன். அவள் வந்து தலையைக் காட்டினால் இரண்டு பேர் மனமும் இளகும் என்று ஒரு நப்பாசை.

விழா அன்று காலையில் ஒண்டிக்கடையில் வண்டியை நிறுத்தி டீ குடிக்க இறங்கினேன். பெண்கள் வண்டியில் இருந்தார்கள். டீக்கடைக்காரர் கிளாசை என் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்களுக்குச் சேதி தெரியாதுங்களா? நேத்து பங்களாவுல உக்காந்து எல்லாம் பேசி முடிச்சுட்டாங்க. ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக்கிட்டாங்க. ரேசன் கடைக்கு ஆள் போடறது லாரிக்காரர் பக்கம். உங்க ஊரு சோத்து வேல ஐயா பக்கம். அவரு தோட்டத்துல கணக்கு எழுதற ரைட்டரு சம்சாரத்துக்குன்னு முடிவாயிருச்சுங்க. ஆர்டரே வந்தாச்சு. திங்கக்கெழம சேர்றாங்க.”

டீயைக் குடித்தேனா கீழே ஊற்றினேனா நினைவில்லை. என் தங்கை பிழைப்பை வெட்டி ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டுதான் அந்தப் பாவிகள் சமாதானம் ஆகியிருக்கிறார்கள். அந்தச் சமாதானத்துக்கு அவளே ஆரத்தி எடுக்க வேண்டும். வண்டியில் அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து சிவப்பாக்கி, வெற்றிலையில் கற்பூரம் வைத்து, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பெட்டியில் வைத்திருந்த பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். கல்யாணப் புடவை அது.

நான் திரும்பி வந்து ஏறியதும் என் பக்கம் சாய்ந்து, “அண்ணா, ரெண்டு பேரும் சேந்துட்டாங்கல்ல, இனி அந்த ரெண்டு லெட்டரும் ஒண்ணுதான? யாரு மேல யாரு அடியிலன்னு சண்டையில்லயே?” என்றாள்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். பின்னால் பதினைந்து பேர், மேலே கொடி, மண்டபத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன்.

மண்டபத்து வாசலில் இரண்டு தலைவர்களும் தோளில் கைபோட்டுக்கொண்டு இறங்கினார்கள். வெடி வெடித்தது. தங்கை முதல் ஆளாக நின்றாள். இடுப்பு வலியோடு மூன்று சுற்றுச் சுற்றினாள். இருவர் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். மற்ற பெண்கள் ஒதுங்கினார்கள், இவள் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

“யாரும்மா நீ?” என்றார் எஸ்டேட்காரர்.

“நாந்தானுங்க ஐயா. அந்த ரெண்டு லெட்டரு.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிரித்தார்கள். லாரிக்காரர் எஸ்டேட்காரரின் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார். பேனர் சண்டைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன். “ஆகட்டும் போம்மா, பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு எஸ்டேட்காரர் உள்ளே போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். “பாத்துக்கலாமுன்னு அவரு வாயாலயே சொன்னாருண்ணா. நொம்ப நல்லாச் சிரிச்சாங்க ரெண்டு பேரும்.”

திங்கட்கிழமை வழக்கம்போல எட்டு மணிக்குப் போனாள். ரைட்டர் மனைவி ஆர்டரோடு ஆசிரியர் முன்னால் நின்றிருந்தாள். பாவம், அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன, அவளுக்கும் பிழைப்பு. பெரிய பாத்திரத்தில் சோறாக்கிப் பழக்கமில்லாமல் விழித்துக்கொண்டு நின்றாளாம். தங்கை கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை. எத்தனை பிள்ளைக்கு எத்தனை படி, பருப்பு எவ்வளவு நேரத்தில் வேகும், அடுப்பில் எந்தத் திருகு இறுகிக்கொள்ளும், எந்தப் பிள்ளையின் பாவாடை மடிப்பைக் கண்டுகொள்ளக் கூடாது எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மத்தியானம் பந்தி முடிந்தபிறகுதான் வந்தாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள். நான் வண்டிக்கடியில் படுத்து ஏதோ வேலை இருப்பதுபோல் முடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பாதம் மட்டும் தெரிந்தது. அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும்.

“ஏண்ணா, அன்னைக்கு மண்டபத்துக்குப் போறப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியாது கண்ணு. சாமி சத்தியமாத் தெரியாது” என்றேன் வண்டிக்கடியிலிருந்து.



“அதான பாத்தேன்” என்றாள். “தெரிஞ்சிருந்தா, அவுங்களுக்கு என்னய ஆலாத்தி எடுக்க உட்டிருப்பியா நீயி?”